சாயை என்னும் சொல்

முற்றத்திலே நெடிது நிற்கும் பனை மரத்தின் நிழலைப் பிற்பகல் வேளையில் உற்று நோக்குவோர்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். அடிமரத்தின் நிழல், மரத்தை ஒட்டிய இடத்தில், கோடு கிழித்தாற்போலத் தெளிவாக விழுந்திருக்கும். அந்நிழலின் வழியே நடந்து சென்று ஓலைகளின் நிழலை அடைந்தால், அங்கே கோடும் இல்லை, கூர்மையும் இல்லை. ஓலையின் விளிம்பு எங்கே முடிந்தது, வெயில் எங்கே தொடங்கிற்று என்று சொல்ல இயலாத ஒரு மங்கல் மாத்திரமே தரையிற் படிந்திருக்கும். மரம் ஒன்றே, ஞாயிறும் ஒன்றே. ஆயினும் நிழல் இரு வகையாய் விழுகின்றது.

இதன் காரணம் எளிது. ஞாயிறு ஒரு புள்ளியன்று. வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள ஒரு வட்டம். அவ்வட்டம் முழுவதும் மறைக்கப்பட்ட இடத்திலே இருள் முற்றுகின்றது. வட்டத்தின் ஒரு பகுதி மாத்திரம் மறைக்கப்பட்ட இடத்திலே இருளும் ஒளியும் கலந்து நிற்கின்றன. முன்னையதைக் கருநிழல் என்றும், பின்னையதைப் புறநிழல் என்றும் இக்கால அறிவியல் நூல்கள் வழங்கும். இந்த இரு சொற்களும் தமிழுக்குப் புதியவை. ஆனால் இவற்றுக்கு முன்னரே நிழலைக் குறித்த வேறொரு சொல் வானநூலில் நெடுங்காலம் வழங்கி வந்தது. சாயை என்பது அச்சொல்.

நிழல் என்ற தமிழ்ச் சொல்லின் பொருள் விரிவானது. வெயிலை மறைத்து வரும் குளிர்ச்சி நிழல். நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் உருவமும் நிழல். அரசனது குடையின்கீழ்க் குடிகள் பெறும் காவலும் நிழலே. வெப்பம் மிகுந்த நாட்டில் வாழ்ந்தோர் நிழலை ஒளியின் குறையாகக் கருதாது, ஓர் அருளாகவே கருதினர் என்பதை இப்பொருள்கள் காட்டுகின்றன. வடமொழியில் வழங்கும் சாயை என்ற சொல்லும் ஏறக்குறைய இதே பொருள்களை உடையது. நிழல், பிரதிபிம்பம், ஒன்றனை ஒத்த மற்றொன்று என்னும் கருத்துக்கள் அதில் அடங்கியுள்ளன. புராணக் கதையிலே ஞாயிற்றின் மனைவி அவனது வெம்மையைப் பொறாது, தன்னைப் போன்ற ஓர் உருவத்தைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுச் செல்கின்றாள். அவ்வுருவத்தின் பெயர் சாயாதேவி. அவள் வயிற்றிற் பிறந்தவனே சனி என்பது கதை.

இச்சொல் கதையிலிருந்து கணிதத்துக்கு வந்த வரலாறே இங்கு ஆராயத் தக்கது.

திங்கள் நிறைந்து விளங்கும் ஓர் இரவிலே, முகில் எதுவும் இன்றி, அதன் ஓரம் கருகத் தொடங்குகின்றது. சிறிது நேரத்தில் முழு வட்டமும் செம்பு நிறமாகிவிடுகின்றது. இக்காட்சியைக் கண்ட பண்டை மக்கள், ஏதோ ஒன்று திங்களைப் பற்றிக்கொண்டது என்றே எண்ணினர். கிரகணம் என்ற சொல்லுக்கே பற்றுதல் என்பதுதான் பொருள். பற்றியது பாம்பு என்றனர் தமிழர். காதலர் சந்தித்தது ஒரு நாளேயாயினும், ஊரார் பேசும் அலரோ, திங்களைப் பாம்பு பற்றிய செய்தி போல எங்கும் பரவிற்று என்று திருக்குறளின் தலைவி கூறுகின்றாள். கிரகணம் அக்காலத்தில் ஊர் முழுவதும் ஒருங்கே கண்டு பேசிய நிகழ்ச்சி என்பது அவ்வுவமையால் விளங்கும்.

ஆனால் அதே நாட்டிலே, திங்களை மறைப்பது பாம்பன்று, பூமியின் நிழலே என்று எழுதியவர்களும் இருந்தனர். கி.பி. 476இல் பிறந்த ஆரியபட்டர், தமது 23ஆம் வயதில், 499இல் இயற்றியதாகக் கருதப்படும் ஆரியபட்டீயம் என்னும் நூலிலே, ஞாயிற்றை மறைப்பது திங்கள் என்றும், திங்களை மறைப்பது பூமியின் பெருஞ்சாயை என்றும் தெளிவாகக் கூறினார். அந்நிழலின் நீளம் எவ்வளவு, திங்கள் செல்லும் தொலைவிலே அதன் அகலம் எவ்வளவு என்று கணக்கிடும் முறையையும் அவர் வகுத்தார். சாயை என்ற சொல் இங்கே தேவியின் பெயராக இல்லை. அளந்து அறியத் தக்க ஒரு பொருளின் பெயராக நிற்கின்றது. இவருக்கு முன்பே கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், திங்களின்மேல் விழும் நிழலின் விளிம்பு எப்பொழுதும் வளைவாகவே காணப்படுவதால் பூமி உருண்டையானது என்று முடிவு செய்திருந்தார்.

ஆரியபட்டருக்கு அடுத்து ஆறாம் நூற்றாண்டில் விளங்கிய வராகமிகிரர், பிருகத்சங்கிதை என்னும் நூலிலே, கிரகணத்துக்குப் பாம்பு காரணமாக இருக்க முடியாது என்று வாதிட்டார். திங்கள் பூமியின் நிழலிற் புகுவதே சந்திர கிரகணம் என்றும் அவர் எழுதினார். எனினும் அவர் கதையை முற்றாகத் தள்ளிவிடவில்லை. கிரகண வேளையிலே மக்கள் அளிக்கும் தானத்தையும் ஆகுதியையும் ஏற்றுத் திருப்தியடையும் வரத்தை இராகு பெற்றிருக்கின்றான் என்று கூறிச் சமாதானம் செய்தார். 628இல் நூலியற்றிய பிரமகுப்தரோ, நிழற்கணிதத்தை நன்கு அறிந்திருந்தும், இராகுவை மறுத்ததற்காக ஆரியபட்டரைக் கடிந்துகொண்டார். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி என்னும் அறிஞர், உண்மையை அறிந்த ஒருவரே இவ்வாறு எழுதலாமா என்று பிரமகுப்தரைக் குறை கூறினார்.

இப்பூசலுக்கு நடுவேதான் சாயாக்கிரகம் என்னும் சொல்லின் சிறப்பு விளங்குகின்றது. இராகுவுக்கும் கேதுவுக்கும் சோதிட நூல்கள் இட்ட பெயர் அது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் முதலியவை கண்ணுக்குப் புலப்படும் கோள்கள். இராகுவும் கேதுவும் அவ்வாறு புலப்படுபவை அல்ல. திங்கள் செல்லும் பாதையானது ஞாயிறு செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கின்றது. அவ்விரு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று இராகு, மற்றையது கேது. அமாவாசையோ பூரணையோ அவ்விடங்களை அடுத்து நிகழும்போது மாத்திரமே கிரகணம் உண்டாகின்றது. ஏனைய காலங்களில் நிழல் மேலேயோ கீழேயோ விலகிப் போகின்றது. இவ்வெட்டுப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து, 18 ஆண்டும் சில மாதங்களும் கழிந்தபின் வானை ஒருமுறை சுற்றி வருகின்றன. இராகுவும் கேதுவும் எதிர்த்திசையிற் செல்வன என்றும், ஓர் இராசியில் ஒன்றரை ஆண்டு தங்குவன என்றும் பஞ்சாங்கத்தைப் பார்ப்போர் கூறுவது இதனையே.

ஆகவே சாயாக்கிரகம் என்று பெயரிட்டவர், பாம்பின் கதையைக் கேட்டு வளர்ந்தோரையும் புண்படுத்தவில்லை, கணிதத்தையும் கைவிடவில்லை. உருவமற்ற ஒன்று, நிழலோடு தொடர்புடைய ஒன்று என்ற உண்மையை அச்சொல்லினுள்ளே பொதிந்து வைத்தார். அதனைச் சொன்னவர்களிற் பலர் உள்ளே இருப்பதை அறியாமலே சொன்னார்கள். என்றாலும் சொல் கெடாமல் நின்றது.

மேனாட்டில் இந்நிழலின் மற்றொரு பகுதி பெயர் பெற்றது பின்னாளிலேயே. 1604இல் யோகானசு கெப்ளர் என்னும் செருமானிய வானநூலார் ஒளியியலைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். கருநிழலைச் சூழ்ந்திருக்கும் மங்கல் நிழலைக் குறிக்க இலத்தீன் மொழியிலே பெனும்பிரா என்ற சொல்லை ஆக்கியவர் அவரே என்பர். ஏறக்குறைய நிழல் என்பது அதன் பொருள். முழு கிரகணத்தின்போது திங்கள் கரியாகாமற் செம்பு நிறமாக இருப்பதற்கும் அந்நூலிற் காரணம் கூறப்பட்டது. பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலம் ஞாயிற்றின் கதிர்களை வளைத்து நிழலினுள்ளே செலுத்துகின்றது. அவ்வொளியே திங்களைச் சிவக்கச் செய்கின்றது.

நிழலின் அளவுகளை அறிந்துகொள்ள 108 என்னும் ஓர் எண் போதுமானது. பூமியிலிருந்து ஞாயிறு இருக்கும் தொலைவு, ஞாயிற்றின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு. இதனால், எந்தப் பொருளின் கருநிழலும் அப்பொருளின் அகலத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு தூரம் சென்று கூராகி முடிந்துவிடும். 2 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஓலைக் கீற்றின் கருநிழல் 2 மீற்றருக்குச் சற்று அப்பால் மறைந்துவிடுகின்றது. பனையின் உச்சியிலுள்ள ஓலைகளுக்குத் தரையிலே கூரிய நிழல் இல்லாமைக்கு இதுவே காரணம். 12,756 கிலோமீற்றர் விட்டமுள்ள பூமியின் கருநிழலோ 13 இலட்சத்து 80 ஆயிரம் கிலோமீற்றர் வரை நீள்கின்றது. திங்கள் செல்லும் தொலைவிலே அந்நிழலின் அகலம் ஏறத்தாழ 9,200 கிலோமீற்றர். திங்களின் விட்டம் 3,476 கிலோமீற்றர். ஆகவே திங்களைப் போன்ற இரண்டு உருண்டைகள் அருகருகே அந்நிழலுள் அடங்கும். மூன்றாவதற்கு இடம் போதாது. முழுச் சந்திர கிரகணம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கக் கூடியதாய் இருப்பது இதனாலேயே.

பஞ்சாங்கங்களிலே ஸ்பரிச காலம், மத்திய காலம், மோட்ச காலம் என மூன்று வேளைகள் குறிக்கப்படுகின்றன. நிழல் திங்களைத் தீண்டுவது ஸ்பரிசம். விட்டு நீங்குவது மோட்சம். தீண்டல் என்பது கருநிழலின் தீண்டலேயாம். அதற்கு முன்னரே புறநிழல் திங்களின்மேற் படர்ந்துவிடுகின்றது. ஆனால் அது மெல்லிய புகை போன்றது; கண் அதனை எளிதில் உணராது.

இம்மூன்று வேளைகளையும் முன்கூட்டிக் கூறும் வித்தையிலே தமிழ் நாட்டார் ஒரு தனி முறையைக் கையாண்டு வந்தனர். திங்களின் இயக்கத்தை 248 நாள் கொண்ட ஒரு வட்டமாக வகுத்து, ஒவ்வொரு நாளுக்கும் உரிய எண்ணை ஒரு சிறு வாக்கியமாக அமைத்து மனனம் செய்தனர். எழுத்துக்களே எண்களாக நின்றன. இதனால் இது வாக்கிய முறை எனப்பட்டது. கணக்கிடுவோர் ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையிலே சோகிகளைப் பரப்பி, வாய்க்குள் வாக்கியத்தைச் சொல்லியவாறே கூட்டியும் கழித்தும் விடை கண்டனர்.

இதனை நேரிற் கண்டு எழுதிய ஐரோப்பியர் இருவர். ஒருவர் லெ சாந்தீல் என்னும் பிரெஞ்சு வானநூலார். வெள்ளிக் கோள் ஞாயிற்றைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்காக அவர் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தமையால் கடலின் நடுவே நிற்க நேர்ந்தது. 1769இல் புதுச்சேரியிலேயே காத்திருந்தபோது முகில் வந்து மறைத்தது. அவ்வாறு ஏமாந்த அறிஞர், அங்கிருந்த காலத்தை வீணாக்காது, ஒரு தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஓகஸ்ட் 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீடிப்பைத் தமிழ் முறையாற் கணித்தபோது 41 விநாடி குறைந்து வந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட மேயரின் வாய்பாட்டாற் கணித்தபோது 68 விநாடி கூடி வந்தது. இச்செய்தியை அவர் மறைக்காமல் எழுதினார்.

மற்றவர் யோன் வாரன். தென்னிந்தியக் காலக் கணிதத்தைப் பற்றி இவர் எழுதிய காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூல் 1825இல் சென்னையில் வெளியாயிற்று. அவ்வாண்டு மே மாத இறுதி இரவில் நிகழவிருந்த கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவருக்குக் கணித்துக் காட்டினார். சோகிகளையும் நினைவையும் தவிர அவரிடம் வேறு துணை இல்லை. விடையிலே தொடக்கத்துக்கு 4 நிமிடமும், நடுவுக்கு 23 நிமிடமும், முடிவுக்கு 52 நிமிடமும் பிழை இருந்தது. அக்கணிதர் தாம் செய்யும் ஒவ்வொரு கூட்டலின் காரணத்தையும் அறிந்தவராக இல்லை என்று வாரன் குறிப்பிட்டார். 1952இல் ஓட்டோ நொயிகபவர் என்னும் வரலாற்றறிஞர் இக்குறிப்பை மீண்டும் ஆராய்ந்தார். தமிழ் வானநூலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, சோகிக் கணிதத்தினுள்ளே மிகப் பழைய கணித மரபொன்று உயிருடன் இருந்ததை உலகுக்குக் காட்டிற்று.

ஒரு முறை விநாடிக் கணக்கில் நெருங்கியும், மற்றொரு முறை முக்கால் மணிக்கு மேல் விலகியும் நின்ற கணிதம் இது. இதை முற்றாகப் புகழ்தலும் தகாது. முற்றாக இகழ்தலும் தகாது. இவ்வுண்மை யாழ்ப்பாணத்திலே ஒரு பெரும் வாதத்துக்குக் காரணமாயிற்று.

1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரி ஒன்றை நிறுவினர். அதன் தலைவரான தானியேல் பூவர், மேனாட்டு வானநூலையும் மாணவர்க்குக் கற்பித்தார். அருகிலுள்ள அராலியிலே பஞ்சாங்கம் கணித்துப் புகழ் பெற்றிருந்தவர் விசுவநாத சாஸ்திரியார். 1829 மார்ச்சு 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் குறித்து, பஞ்சாங்கத்தின் கணிப்பும் செமினரியின் கணிப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம், மறையும் அளவு ஆகிய மூன்றிலும் வேறுபாடு காணப்பட்டது. இரு சாராரும் அந்த இரவை எதிர்பார்த்திருந்தனர். வானம் செமினரியின் கணிப்புக்கே சான்று கூறிற்று.

மிசனரிமார் இதனைத் தங்கள் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகவும் கொண்டனர். கணக்குப் பிழைத்தவரின் புராணமும் பிழைத்தது என்பது அவர்களுடைய கருத்து. ஆனால் அவ்விரவின் போட்டி பாம்புக்கும் நிழலுக்கும் இடையே நிகழவில்லை. சாஸ்திரியாரின் கணிதமும் பூமியின் சாயையையே அளந்தது. பூவரின் கணிதமும் அதனையே அளந்தது. ஒன்று பல நூற்றாண்டுகளாகத் திருத்தம் பெறாத எண்களைக் கொண்டது. மற்றொன்று தொலைநோக்கியாலும் புதிய கணிதத்தாலும் இடையறாது திருத்தப்பட்ட எண்களைக் கொண்டது. பழைய கணிதத்துக்கு அறிவு இல்லாமற் போகவில்லை. வானத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழக்கமே குன்றிப் போயிருந்தது. வாக்கியம் வழுவாது நினைவில் நின்றது. திங்களோ, வாக்கியத்துக்காகக் காத்திராது தன் வழியே சென்றது.

இதனைச் செமினரியினரும் காலப்போக்கில் உணர்ந்தனர் எனலாம். அங்கே பூவருக்குப் பின் தலைமை வகித்த கொய்சிங்டன், 1848இல் சோதிசாஸ்திரம் என்னும் தமிழ் நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் யாழ்ப்பாணத்து மிசன் அச்சகத்திலே பதிப்பித்தார். 19 ஆண்டுகளுக்கு முன்னர் தோற்கடிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட கணிதம், கற்றுப் பேணத் தக்க ஒன்றாக அவ்வச்சகத்திலேயே அச்சேறிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இலங்கையின்மேல் விழுந்த நிழல்களுள் பெரிதும் பேசப்பட்டது 1955 யூன் 20ஆம் நாளின் முழுச் சூரிய கிரகணம். அந்நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுவே. பாதையின் நடுவே, கீழைக் கடற்பகுதியில், அது 7 நிமிடமும் 8 விநாடியும் நீடித்தது. திங்களின் கருநிழல் காலை வேளையிலே இத்தீவைக் கடந்து சென்றது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் பொலநறுவைப் பகுதியிலே கருவிகளுடன் காத்திருந்தனர்; பருவ முகில் அவர்களுடைய முயற்சிக்குப் பெருந்தடையாயிற்று. அதே வேளையில் ஒரு வதந்தியும் நாட்டிற் பரவிற்று. குறித்த ஒரு மூலிகைச் சாற்றைக் கிரகண வேளையில் அருந்தினால் மேனி நிறம் பெறும் என்பதே அது. நம்பி அருந்தியவர் பலர் நோயுற்று வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது. நிழலின் பாதையை விநாடிக் கணக்கில் முன்கூட்டி அறிந்திருந்த காலத்திலும் அலர் தன் வேகத்தை இழக்கவில்லை.

யாழ்ப்பாணத்து மக்கள் வேறொரு வகை நிழலை இரு முறை கண்டனர். 2010 யனவரி 15ஆம் நாளிலும் 2019 டிசெம்பர் 26ஆம் நாளிலும் அங்கே ஞாயிறு ஒளி வளையமாகத் தோன்றியது. இதனைக் கங்கண கிரகணம் என்பர். திங்களின் விட்டத்தை 108 மடங்காக்கினால் வருவது 3 இலட்சத்து 75 ஆயிரம் கிலோமீற்றர். திங்களின் சராசரித் தொலைவோ 3 இலட்சத்து 84 ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்று மேல். திங்கள் விலகி நிற்கும் நாட்களில் அதன் கருநிழல் பூமியை எட்டாமல் நடுவழியிலே முடிந்துவிடுகின்றது. அம்முனைக்கு அப்பால் நிற்போருக்கு ஞாயிற்றின் நடு மறைந்து, ஓரம் மாத்திரம் வளையாக எஞ்சுகின்றது. உச்சி ஓலைக்கு முற்றத்திலே கூரிய நிழல் இல்லாமைக்கும், திங்களுக்கு யாழ்ப்பாணத்து மண்ணிலே அன்று கருநிழல் இல்லாமைக்கும் காரணம் ஒன்றே.

கருநிழல், புறநிழல் என்னும் சொற்களை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். அவை தெளிவான சொற்கள். அவற்றைக் கற்பது நன்று. ஆனால் சாதகக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இராகுவும் கேதுவும் சாயாக்கிரகங்கள் என்று வீட்டு முதியவர் கூறும்போது, அதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சியாகாது. அச்சொல்லினுள்ளே பூமியின் நிழலை அளந்த ஆரியபட்டரின் கணிதமும் உண்டு. சோகிகளைத் தரையில் நகர்த்திய பெயர் அறியாக் கணிதரின் உழைப்பும் உண்டு. திருத்தாமல் விட்டதனால் அராலியில் நேர்ந்த பிழையின் பாடமும் உண்டு. சொல்லை வைத்திருப்பவர்கள் அதன் பொருளையும் அறிந்து, அடுத்த கிரகணம் வரும் இரவிலே முற்றத்துக்கு வந்து வானத்தைத் தாமே பார்ப்பார்களாயின், சாயை என்னும் பழைய சொல் தன் பயனை அடைந்ததாகும்.